அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் "பிரஷர் இல்லை" என்கிறோம். விடுதியின் மேல்மாடிக் குளியலறையில் வரிசையில் நிற்பவர்கள் இச்சொல்லைக் காலையில் ஒரு முறையேனும் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் அழுத்தம் என்பது யாது, ஓட்டம் என்பது யாது, இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று நின்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்? இயற்பியலில் முதுகலை பயிலும் நானே எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயும் என் தாயின் காதுக் கம்மலும் சேர்ந்து என்னை எண்ண வைத்தன. அந்தக் கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் சங்க நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு

நாங்கள் வாழ்வது வல்லார்பாடத்தில். கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய காயலில் அமைந்த தீவு அது. எறணாகுளத்தையும் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகிய தீவுகளையும் இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. அதற்கு முன் படகே கதி. 2011-இல் இங்கே சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. லாரிகள் வந்தன; லாரிகளோடு ஓட்டுநர்களும் வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவ்வாறு வந்தவர் என் தந்தை. பின்னர் அம்மாவும், ஆச்சியும், நானும், தம்பியும் வந்து சேர்ந்தோம்.

சுற்றிலும் காயல், ஆனால் அஃது உப்புக் கலந்த நீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாயில் வரும் நன்னீரையே நம்ப வேண்டும். கொச்சி நகரம் பருகும் நீர் ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுத்துத் தூய்மை செய்யப்படுவது. குழாய் வருவதற்கு முந்திய காலத்தில் அதே ஆற்று நீரை வள்ளங்களில் நிறைத்துக் கொண்டுவந்தார்கள் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் வருவது பெரும்பாலும் இரவில். அது கீழ்த் தொட்டியில் நிறைய, மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்ற, அங்கிருந்து வீட்டுக் குழாய்களுக்கு இறங்கி வரும். அந்த வாடகை வீட்டின் கீழ்ப்பகுதி எங்களுடையது.

சென்ற ஆண்டு சமையலறைக் குழாயில் தண்ணீர் சுருங்கத் தொடங்கியது. நாளடைவில் அது விரல் பருமன் கூட இல்லாமல் நூலாக இழிந்தது. அம்மா விடியுமுன் எழுந்து, குழாயின் அடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு குடம் நிறைவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். மூட்டு வலியோடு ஆச்சி குளியலறைக் குழாயிலிருந்து சிறு செம்பில் தண்ணீர் மொண்டு சமையலறைக்கு நடந்துகொண்டிருப்பார்.

வந்து பார்த்த பிளம்பர், "பிரஷர் இல்லை, பிரஷர் பம்ப் ஒன்று வைக்க வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நானும், "ஆமாம் அம்மா, அழுத்தம் குறைவுதான்" என்றேன். அன்று மாலை அம்மா கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்ததைக் கண்டேன். அடகுக் கடைக்குப் போவதற்கு!

"ஏட்டி, இத்தனை வருசம் படிச்சியே, அந்த ஆளு சொன்னதையே நீயும் சொல்லுதியே, அளந்து பாத்தியா?" என்று ஆச்சி கேட்டார். பள்ளிக்கூடமே காணாத ஆச்சி கேட்ட கேள்வி அது. எனக்கு நாணமாக இருந்தது. பட்டப் படிப்பில் குழாயில் நீர் ஓடுவதைப் பற்றிய பாய்சொய் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

முதல் அளவை: ஓட்டம்

ஓட்டம் என்பது, ஒரு நிமிடத்தில் குழாயிலிருந்து எத்தனை லிட்டர் வருகிறது என்பது. இதை அளக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளியைச் சமையலறைக் குழாயின் கீழ் வைத்து, குழாயை முழுவதும் திறந்தேன். நிறைய 150 விநாடி ஆயிற்று. அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர். அதே வாளி குளியலறைக் குழாயில் 45 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல்.

இரண்டு குழாய்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் உள்ளன. இரண்டுக்கும் தண்ணீர் தருவது ஒரே மாடித் தொட்டி. அங்ஙனமாயின் ஒன்றுக்கு அழுத்தம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்பது எப்படி? இக்கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

இரண்டாம் அளவை: நிற்கும் நீரின் அழுத்தம்

அழுத்தமானி நம்மிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிறார்களே, உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப், அதுவே சிறந்த அழுத்தமானி. அதன் ஒரு முனையைக் குழாயில் இறுக மாட்டி, மறுமுனையைத் திறந்தபடி மேலே தூக்கிப் பிடித்தால், உள்ளே நீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அவ்வளவுதான் அவ்விடத்து அழுத்தம். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்துக்குச் சமம். ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.1 பார் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கள் சமையலறைத் தொட்டியின் மேல் இரண்டு குழாய்கள் உள்ளன: ஒன்று பாத்திரம் கழுவ, மற்றொன்று குடிநீர் வடிகட்டிக்கு. வடிகட்டிக் குழாயில் டியூபை மாட்டினேன். ஐ.டி.ஐ.-இல் பயிலும் என் தம்பி மறுமுனையைக் கயிற்றில் கட்டி மாடிக்கு இழுத்தான். பாத்திரக் குழாய் மூடியிருக்க, டியூபில் நீர் ஏறி ஏறி 6 மீட்டர் உயரத்தில், மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கு நேராக நின்றது. 0.6 பார்! ஒரு துளியும் குறைவில்லை.

"குழாயில் குற்றமில்லை, அழுத்தம் முழுமையாக இருக்கிறது" என்று நான் மகிழ்ந்தேன். தம்பி மாடியிலிருந்து கேட்டான்: "அக்கா, குழாயை மூடி வச்சுட்டுப் பாத்தா என்ன பிரயோஜனம்? திறந்து பாரு."

அவன் கேட்டதே இயற்பியல். நிற்கும் நீர் உராய்வதில்லை. உராயாத இடத்தில் அழுத்த இழப்பும் இல்லை. குழாய் ஊசி முனையளவு அடைபட்டிருந்தாலும், நீர் ஓடாதபோது அதன் இரு புறமும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். ஆதலின் மூடிய குழாயின் அழுத்தம் மாடித் தொட்டியின் உயரத்தை மட்டுமே சொல்லும். வரும் வழியின் நலத்தைச் சொல்லாது.

மூன்றாம் அளவை: ஓடும் நீரின் அழுத்தம்

பாத்திரக் குழாயை முழுவதும் திறந்தேன். டியூபில் 6 மீட்டர் உயரத்தில் நின்ற நீர்மட்டம் சரசரவென்று சுவரோடு இறங்கி, குழாய்க்கு மேல் ஒரு சாண் அளவில் வந்து நின்றது. மூடினேன், மீண்டும் மெல்ல மேலே ஏறியது. அழுத்தம் வழியில் எங்கோ செலவாகிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது.

எங்கே? கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே ஒரு குழாய் உண்டு. சமையலறைக்குச் செல்லும் நீர் அதைக் கடந்துதான் சுவருக்குள் நுழைகிறது. டியூபை அங்கே மாட்டிச் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொன்னேன். இங்கே மட்டம் ஒரு சாண் மட்டுமே இறங்கியது. மாடியிலிருந்து கல்லருகே வரும் நீளமான வழியில் இழப்பு ஒரு சாண். கல்லிலிருந்து சமையலறைக்குச் செல்லும் 3 மீட்டர் வழியில் இழப்பு ஐந்தரை மீட்டருக்கும் மேல். குற்றவாளி ஒளிந்திருந்த இடம் அகப்பட்டது.

வீட்டுக்காரச் சேச்சியின் இசைவோடு சுவரைக் கொத்தினோம். மற்ற குழாய்களெல்லாம் முன்பே பி.வி.சி.-யாக மாற்றப்பட்டிருக்க, அந்த 3 மீட்டர் மட்டும் பழைய இரும்புக் குழாயாகவே விடப்பட்டிருந்தது. அரை அங்குலக் குழாயின் உள்ளே துரு திரண்டு, ஒரு பென்சில் நுழையும் அளவே வழி எஞ்சியிருந்தது. அதை மாற்றினோம். இப்போது 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிறைகிறது. நிமிடத்துக்கு 15 லிட்டர். கூலியோடு சேர்த்துச் செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய். கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

கணக்கு கூறுவது

குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டம் எவ்வளவு குறையும்? நம் பாடப்புத்தகத்துப் பாய்சொய் விதி, விட்டத்தின் நான்காம் படி என்கிறது. பதினாறில் ஒரு பங்கு. ஆனால் அவ்விதி நீர் அடுக்கடுக்காக அமைதியாய் நழுவும்போது மட்டுமே பொருந்தும். நீர் எப்போது அமைதியாகவும் எப்போது சுழித்தும் ஓடும் என்பதை 1883-இல் ரெனால்ட்ஸ் ஆராய்ந்து காட்டினார். அவர் பெயரால் வழங்கும் எண் ஏறத்தாழ 2000-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் அமைதியானது. அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினாலே அந்த எண் 7000-ஐ எட்டிவிடுகிறது. ஆகவே வீட்டுக் குழாய்களில் நீர் சுழித்தே ஓடுகிறது. அந்நிலையில், அதே அழுத்தத்தில் விட்டம் பாதியானால், ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. தேர்வில் மதிப்பெண் தந்த சமன்பாடு என் வீட்டுக் குழாய்க்கு உரியதே அன்று என்பது எனக்குக் கிடைத்த இரண்டாவது பாடம்.

பழங்குழாய் நீரை மிகுதியாகத் தடுக்கும் என்பதை அளந்து காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி. திஜோன் நகருக்கு ஊற்று நீரைக் கொண்டுவந்து குடிநீர் வசதி செய்து தந்தவர் அவர். உட்பரப்பு வழுவழுப்பான குழாய்களையும் துருவேறிய குழாய்களையும் ஒப்பிட்டு அவர் செய்த சோதனைகள் 1857-இல் நூலாக வெளிவந்தன.

சரி, பம்ப் வாங்கியிருந்தால் தண்ணீர் வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால் சுழித்தோடும் நீரின் ஓட்டத்தை இரு மடங்காக்க, அழுத்தத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும். 4 லிட்டரை 8 லிட்டராக்க, 6 மீட்டர் 24 மீட்டராக வேண்டும், அதாவது 2.4 பார். துரு அரித்த குழாயும் பழைய இணைப்புகளும் அதைத் தாங்குமா? மின் கட்டணம் வேறு. துருவோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருக்கும். பம்ப் நோயை மறைத்திருக்கும், தீர்த்திராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலர் தெருக் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அப்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திலும் தாழக்கூடும். விரிசல் இருக்குமிடத்தில் மண்ணிலுள்ள கழிவு நீர் உள்ளே புகும். தன் வீட்டு ஓட்டத்துக்காகத் தெருவுக்கே நோய் வாங்கும் செயல் அது.

குளிர்நாட்டு வீட்டில் இதே பாடம்

இச்செய்தியை அம்மா தொலைபேசியில் எல்லா உறவினர்க்கும் பெருமையோடு சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செவிலியராகப் பணியாற்றும் பெரியப்பா மகன் உடனே அழைத்தார்: "தங்கச்சி, என் வீட்டு ஹீட்டருக்கும் ஒரு வழி சொல்லு."

நம் பக்கத்தில் காணாத அமைப்பு அது. கொதிகலன் ஒன்று நீரைச் சுடவைக்கிறது. சிறு பம்ப் ஒன்று அந்நீரைக் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்புகிறது. அறையிலுள்ள ரேடியேட்டர் என்னும் தட்டையான இரும்புப் பலகை வெப்பத்தை அறைக்குத் தந்துவிட்டு, ஆறிய நீரைத் திருப்பி அனுப்புகிறது. அதே நீர் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. எங்கள் குழாயில் நீர் வெளியே கொட்டுகிறது. அங்கே கொட்டுவதே இல்லை.

அண்ணன் வீட்டில் மாடி அறை ரேடியேட்டர் சுடவில்லை. கொதிகலனின் அழுத்தமானி 1.2 பார் காட்டியது. வளைந்த உலோகக் குழல் அழுத்தத்தால் நிமிர, முள் நகரும் இவ்வகை அழுத்தமானிக்கு 1849-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் போர்டன். அண்ணன், "அழுத்தம் போதவில்லை போலும்" என்று எண்ணி நீரை ஏற்றி 2.5 பார் ஆக்கினார். கொதிகலன் சூடேறியதும் நீர் விரிந்து முள் 3 பாரைத் தொட்டது. காப்பு வால்வு திறந்து நீர் வெளியே சொட்டியது. மாடி அறையோ குளிர்ந்தே கிடந்தது.

ஆச்சி என்னிடம் கேட்டதை நான் அண்ணனிடம் கேட்டேன்: அளந்து பார்த்தீர்களா? அந்த முள் காட்டுவது அமைப்பில் நிரம்பி நிற்கும் நீரின் அழுத்தம். மாடி ரேடியேட்டர் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே நீர் எட்ட அரை பார் போதும். சிறிது கூடுதலாக வைத்து 1 முதல் 1.5 பார் வரை நிரப்புவது அந்நாட்டு வழக்கம். அதற்கு மேல் ஏற்றினாலும் ஓட்டம் ஒரு சொட்டும் கூடாது. ஏனெனில் சுற்றி வரும் குழாயில் ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை ஈடுகட்டிவிடுகிறது. பம்ப் வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே. ஓட்டத்தைச் செலுத்துவது அழுத்தம் அன்று. இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள அழுத்த வேறுபாடு. ஆகவேதான் தேர்ந்தவர்கள் பம்பின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, வேறுபாட்டைக் கண்டு, அந்தப் பம்புக்குரிய வரைபடத்திலிருந்து ஓட்டத்தைப் படித்துக்கொள்கிறார்கள்.

வாளி வைக்க வழியில்லாத இடத்தில் ஓட்டத்தை அறிய இன்னொரு வழியும் உண்டு, அது வெப்பமானி. 1 லிட்டர் நீர் 1 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடி, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 10 பாகை வேறுபாடு இருந்தால், வீடு பெறும் வெப்பம் ஏறத்தாழ 7 கிலோவாட். கொதிகலன் தரும் வெப்பம் தெரிந்தால், வேறுபாட்டை அளந்தே ஓட்டத்தைக் கணக்கிடலாம்.

ரேடியேட்டரை மேலும் கீழும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "மேலே ஜில்லென்று இருக்கிறது, அடியில் சூடு இருக்கிறது" என்றார். அது காற்று அடைபட்டதன் அடையாளம். ஒரு சிறு சாவியால் மேல்முனைத் திருகைத் தளர்த்தினார், காற்று சீறி வெளியேறியது, பின் நீர் துளிர்த்தது, மூடினார். அரை மணியில் அறை வெம்மையுற்றது. அடிக்கடி புதுநீர் ஏற்ற வேண்டா என்றும் சொன்னேன். புதுநீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கும். துருச் சேறு குழாயை அடைக்கும். வல்லார்பாடத்துச் சுவருக்குள் நடந்தது லீட்ஸிலும் நடக்கும்.

பம்பே இல்லாமலும் இந்தச் சுற்றோட்டம் நடப்பதுண்டு. 80 பாகை வெப்பநிலையில் 1 லிட்டர் நீரின் நிறை 972 கிராம். 60 பாகையில் 983 கிராம். இந்த 11 கிராம் வேறுபாட்டால் சூடான நீர் மேலேற, ஆறிய நீர் கீழிறங்குகிறது. 5 மீட்டர் உயரத்துக்கு இது தரும் அழுத்த வேறுபாடு ஐந்தரை சென்டிமீட்டர் நீர் உயரமே! இவ்வளவு சிறிய உந்துதலுக்கு உராய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆதலால்தான் பம்ப் இல்லாத பழைய கட்டடங்களில் பருத்த குழாய்களை வைத்தார்கள். கோவையிலும் பெங்களூரிலும் மொட்டை மாடிகளில் நாம் காணும் சூரிய வெந்நீர்க் கலங்களில் தொட்டியை மேலேயும் தகட்டைக் கீழேயும் வைப்பது இதே காரணத்தால்தான்.

முடிவாக

நண்பர்களே, தண்ணீர் வரவில்லையென்றால் மூன்றை அளந்து பாருங்கள். வாளியும் கடிகாரமும் கொண்டு ஓட்டத்தை அளவுங்கள். மூடிய குழாயில் அழுத்தத்தை அளவுங்கள். திறந்த குழாயில், இரண்டு இடங்களில், மீண்டும் அழுத்தத்தை அளவுங்கள். மூடியபோதே அழுத்தம் குறைவென்றால் குறை தண்ணீர் வரும் இடத்தில். மூடியபோது நிறைந்து, திறந்தபோது வீழ்ந்தால் குறை வழியில். இதைக் கண்டறியாமல் பம்புக்குப் பணம் கொடுப்பது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

நம்மில் பலர் பிழைப்பு நாடி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் ஒருவர் சொன்னதை நம்பித்தான் கம்மல் கழற்றப்படுகிறது. நாம் படித்தவர்கள் என்பதால் நம் சொல்லையும் வீட்டார் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டவர்கள். அளக்காமல் ஒரு சொல் சொல்லோம் என்னும் உறுதியே அக்கடனைத் தீர்க்கும் முதல் தவணை.